தலவாக்கலைக்கு எம்.பி. யார்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, "1947இல் தலவாக்கலைத் தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பதினொரு கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பேர் நான் பிழை விட்டதாகவே கோபித்திருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்கத் தொகுதிக் கதைதான். லீக்ஸ் பாத்தியில் விழும் புழுவைப் பற்றிக் கேட்டிருந்த கந்தப்பளை நண்பர் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சேர், எனக்கு வயது 34. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தலவாக்கலை. அப்படி ஒரு தொகுதி இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வாக்குச் சீட்டிலும் இல்லை, பெறுபேற்றிலும் இல்லை. நீங்கள் எங்கே பிடித்தீர்கள்? – ஒரு வாசகர், தலவாக்கலை

இருந்தது தம்பி. 1947 பொதுத் தேர்தலில், நம் நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலை தனித் தொகுதி. கொட்டகலையும் தனித் தொகுதி. நுவரெலியா, மஸ்கெலியா என்று இன்னும் இரண்டு. நான்கிலும் வென்றது தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ்: நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி., கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா. பக்கத்துக் கண்டி மாவட்டத்தில் நாவலப்பிட்டியில் இராஜலிங்கம். அப்போது பாராளுமன்றத்தில் தெரிவு செய்யப்பட்டவர்கள் 95 பேர்தான். அதற்குள் இத்தனை பேர்.

அடுத்த தேர்தல் 1952இல். அதில் இந்த நான்கு தொகுதியில் ஒன்றிலும் காங்கிரஸ் ஆள் இல்லை. ஆட்கள் தோற்கவில்லை, வாக்குப் போட்டவர்களையே இடாப்பிலிருந்து (வாக்காளர் பட்டியலிலிருந்து) எடுத்துவிட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை, மலையகத் தோட்டத் தமிழர்களை, நாடற்றவர்கள் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்றது. இரண்டும் சேர்ந்து வேலையை முடித்தன. 1952 ஏப்ரலில் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தார்கள். இடாப்பு அசையவில்லை.

அப்புறம் 1959இல் எல்லை நிர்ணயம் வந்தபோது தலவாக்கலை, கொட்டகலை என்ற பெயர்களே வரைபடத்திலிருந்து போயின. நீங்கள் கேள்விப்படாததில் ஆச்சரியம் இல்லை. உங்கள் அப்பாவே கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இதில் ஒரு சங்கதியை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் நெஞ்சில் முள். தொகுதிகளைப் பிரிக்கும்போது 75,000 பேருக்கு ஒன்று (1976இல் 90,000 பேருக்கு ஒன்று), அப்புறம் ஆயிரம் சதுர மைல் பரப்புக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த ஆட்கள் யார்? சனத்தொகை. வாக்காளர் அல்ல. 1959இல் எண்ணியபோதும் சரி, 1976இல் எண்ணியபோதும் சரி, லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த ஒவ்வொரு தலையையும் எண்ணினார்கள். நாங்கள் எண்ணிக்கையில் சேர்ந்ததால் மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது. அந்த ஆசனத்துக்கு வாக்குப் போட்டவர்கள் வேறு ஆட்கள். வீடு கட்டும்போது கல் சுமக்கக் கூப்பிட்டு, குடிபுகும் அன்றைக்கு வாசலைச் சாத்தின மாதிரி.

கேள்வி: உங்கள் குடும்பத்திலும் யாராவது வாக்கு இழந்தார்களா, அல்லது புத்தகத்தில் படித்துத்தான் எழுதுகிறீர்களா? – வாசகி, பூண்டுலோயா

குத்தலான கேள்வி. பரவாயில்லை, பதில் இருக்கிறது.

அப்பா 1922இல் பிறந்தவர். 1947இல் வாக்குப் போட்டார், தலவாக்கலைத் தொகுதியில்தான். பெரட்டுக்கு (காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போகாமல் பகலிலேயே வேட்டி கட்டிக்கொண்டு நடந்த ஒரே நாள் அது என்று சொல்வார். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க இரண்டு வருடம் கொடுத்தார்கள். அப்பா 1951இல், கடைசி நேரத்தில், மனுப் போட்டார். திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து ஏழு வருடம் இந்த நாட்டில் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். தொடர்ந்துதான் இருந்தார். எங்கே போவார்? ஆனால் செக்ரோலில் (தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டில்) எழுதியிருந்த பெயரில் கடைசியில் 'சாமி' உண்டு. பிறப்புப் பதிவில் 'சாமி' இல்லை. இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஓர் அலுவலகத்துக்குச் சந்தேகம். மனு தள்ளுபடி. "சாமி இல்லாததால வரம் கெடைக்கல" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மா சிரிக்க மாட்டார்.

மனுவைத் தள்ளிய அந்தக் கடிதம் தகரப் பெட்டியில் இருந்தது. மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகி, சோற்றுப் பசை தடவி ஒட்டிய கடிதம். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "என் பேரு கவர்மெண்ட் கடுதாசியில இருக்கிறது இது ஒண்ணுலதான் தம்பி" என்றார்.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்பா அந்தப் பக்கமும் மனுப் போடவில்லை, இந்தப் பக்கமும் திரும்பப் போடவில்லை. பிடிவாதம். அந்தப் பிடிவாதம் கடைசியில் கை கொடுத்தது: இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்களுக்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. அதிலேதான் நானும் பிரஜை ஆனேன், ஆசிரியர் வேலையும் கிடைத்தது. 1989 தேர்தலுக்குள் எங்கள் பெயர்கள் இடாப்பில் ஏறவில்லை.

1994 ஆகஸ்ட் 16. நான் ஒரு தோட்டப் பாடசாலையில் வாக்கெடுப்பு நிலைய எழுதுவினைஞர். என் வாக்கு தபாலில் போய்விட்டது. இரவு பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது விடிகாலை. அப்பா விழித்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். விளக்கைப் பக்கத்தில் வைத்து இடது கைச் சின்ன விரலைக் காட்டினார். மை. ஒரு வாரம் அந்த விரலைத் தண்ணீரில் நனைக்காமல் ஒரு கையால் முகம் கழுவினார். பாராளுமன்றத்துக்கு அவர் போட்ட முதல் வாக்குக்கும் இரண்டாவது வாக்குக்கும் இடையே 47 வருடம்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். ஹட்டன் தொகுதி என்று ஒன்று சட்டசபைக் காலத்தில் இருந்ததாகப் பாடத்தில் வருகிறது. அதில் யார் இருந்தார்கள்? – மாணவி, மஸ்கெலியா

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தோடு சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் நம்மவர்களுக்குச் 'சர்வசனம்' என்ற சொல்லிலேயே ஓர் ஓட்டை வைத்தார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்று காட்ட வேண்டும், அல்லது எழுத்தறிவும் சொத்தும் இருக்க வேண்டும். அந்த ஓட்டைக்குள்ளால் புகுந்து வந்தவர்களே கணிசமானோர்.

அந்த வருடம் ஹட்டனில் பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவானார். தொழில், கைத்தொழில், வர்த்தகத்துக்கான அமைச்சராகவும் ஆனார். தலவாக்கலையில் வைத்திலிங்கம். 1936இல் ஹட்டனில் கோ. நடேசய்யர். இவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பத்திரிகைக்காரர். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். மேடையில் இவர் பேசுவதற்கு முன் மனைவி மீனாட்சி அம்மாள் பாடுவார். பேச்சு விளங்காதவருக்கும் பாட்டு விளங்கிவிடும். தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் பாட்டு எவ்வளவு பலம் என்பது இன்றைய தலைவர்களுக்கு மறந்துபோயிற்று. இப்போது ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுத்தான்.

1936இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெட்டி. படிக்கத் தெரியாதவருக்கும் பிழை வராது. தாத்தா நடேசய்யரின் பெட்டியில் போட்டதாக அப்பா சொல்வார். என்ன நிறம் என்று கேட்டால் ஒருநாள் பச்சை என்பார், இன்னொரு நாள் சிவப்பு என்பார். ஆகவே நிறத்தை நீ பரீட்சையில் எழுத வேண்டாம்.

1947இல் நடேசய்யர் மஸ்கெலியாவில் நின்று மோத்தாவிடம் தோற்றார். அதே வருடம் இறந்தும் போனார். வாக்குப் பறிபோனதைப் பார்க்காமல் போய்விட்டார்.

கேள்வி: 1977இல் தொண்டமான் மூன்றாம் இடத்தில் வந்துதான் எம்.பி. ஆனார் என்று எங்கள் மாமா சொல்கிறார். மூன்றாம் இடம் வந்தவர் எப்படி வெல்ல முடியும்? மாமாவோடு 500 ரூபா பந்தயம். – வாசகர், கொட்டகலை

500 ரூபாவை மாமாவிடம் கொடுத்துவிடுங்கள்.

1976 எல்லை நிர்ணயத்தில் நுவரெலியாவையும் மஸ்கெலியாவையும் இணைத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, 'நுவரெலியா – மஸ்கெலியா' என்று மூன்று அங்கத்தவர் தொகுதி ஆக்கினார்கள். கொழும்பு மத்தியும் அப்படி மூன்று பேருக்கான தொகுதிதான். ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்கு. 1977 ஜூலையில் முதலாவதாக வந்தவர் யானைச் சின்னத்தில் காமினி திசாநாயக்க, இரண்டாவது அநுர பண்டாரநாயக்க, மூன்றாவது தொண்டமான். மூவரும் எம்.பி. 1947க்குப் பிறகு, முப்பது வருடம் கழித்து, தோட்டத்து மக்கள் தங்கள் ஆளை வாக்கால் அனுப்பியது அப்போதுதான். இடைப்பட்ட காலத்தில் தொண்டமானும், இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான அஸீஸும் பாராளுமன்றத்தில் இருந்ததுண்டு; ஆனால் அரசாங்கம் நியமித்த உறுப்பினர்களாக.

ஒற்றை ஆசனமாக விட்டிருந்தால் காமினி மட்டும் போயிருப்பார். மற்ற இரண்டு பேரும் வீட்டில். 1977இலும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை என்பதை மறக்க வேண்டாம். அந்தக் கொஞ்ச வாக்கைக் கொண்டே மூன்றாம் இடத்தைப் பிடித்தார்கள். 1978இல் தொண்டமான் அமைச்சரானார். பேரம் பேச ஓர் இருக்கை கிடைத்த பிறகுதான் 1986, 1988 பிரஜாவுரிமைச் சட்டங்கள் எல்லாம் நடந்தன. மாமா பந்தயக் காசில் உங்களுக்கு ஒரு பிளேன் டீயாவது வாங்கித் தரட்டும்.

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி. யார் என்று பிள்ளைக்கு ஆசிரியர் வீட்டு வேலை கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. – ஒரு தாய், பொகவந்தலாவை

ஆசிரியருக்கும் தெரியாது போலிருக்கிறது அம்மா. உங்கள் தொகுதிக்கு எம்.பி. கிடையாது. யாருக்குமே கிடையாது.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989இலிருந்து எம்.பி.மார் மாவட்டத்துக்குச் சொந்தம். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா – மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்று நான்கு தொகுதி இருக்கிறது. அவற்றின் வேலை வாக்கை எண்ணி அறிவிப்பது மட்டும்தான். மாவட்டத்துக்கு எட்டு ஆசனம். ஆகக் கூடுதலாக வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒன்று போனஸ். நூற்றுக்கு 5க்குக் கீழே எடுத்த கட்சிகளைக் கழித்துவிட்டு மற்ற ஏழையும் வாக்கின் அளவுக்குப் பகிர்வார்கள். கட்சிக்குள் யார் என்பதை விருப்பு வாக்கு, அதாவது சின்னத்துக்குப் போட்ட பிறகு வேட்பாளரின் நம்பருக்கு (மூன்று வரை) போடும் வாக்கு, தீர்மானிக்கும். பிள்ளையின் கொப்பியில் எட்டுப் பேரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

அந்த விருப்பு வாக்கு என்பது நம் தோட்டங்களில் படுத்திய பாடு இருக்கிறதே! பிறகு வந்த ஒரு தேர்தலில் நான் தலைமை தாங்கும் அலுவலர். எழுபது வயதிருக்கும், ஒரு பாட்டி வந்தார். சீட்டைக் கையில் வாங்கியதும் மறைவிடத்துக்குப் போகாமல் என் மேசைக்கு முன்னாலேயே நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே வெற்றிலை, பாக்கு, அதற்குள் நாலாக மடித்த ஒரு துண்டுத் தாள். தலைவர் எழுதிக் கொடுத்த மூன்று நம்பர். வெற்றிலைச் சாறு ஊறி, நம்பர்கள் மூன்றும் ஒரே சிவப்புத் தீற்று. "மாஸ்டர், இது ஏழா ஒண்ணா?" என்று என்னிடம் நீட்டினார். சுற்றிவர நான்கு கட்சியின் முகவர்கள். நான் பார்க்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. "ஆத்தா, சின்னத்துக்குப் போடுங்க, நம்பர் போடாட்டியும் வாக்கு வாக்குத்தான்" என்றேன். அவ்வளவுதான் சட்டப்படி சொல்லக்கூடியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்தவன் ஒரு நம்பர் வாசிக்க மாட்டேன் என்கிறானே என்ற பார்வை.

கேள்வி: அப்படியென்றால் பழைய தொகுதி முறைதானே நல்லது? ஒரு ஊருக்கு ஒரு ஆள், பிடித்துக் கேட்கலாம். – வாசகர், அக்கரப்பத்தனை

எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கணக்குப் பார்த்தால் பயம் வருகிறது.

2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை 711,644. அதில் பாதிக்கு மேல் நாம். 2015இலும் 2020இலும் எட்டில் ஐந்து பேர் தமிழர். விகிதாசார முறை இல்லாமல் இது நடந்திருக்காது. 1994ஐயும் நினைத்துப் பாருங்கள். மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரன் இந்த மாவட்டத்தில் தனி ஆளாக வென்று போனார். பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, இவர் ஒன்று: 113. அரசாங்கமே அந்த ஒன்றில் நின்றது.

மறுபக்கம், மாவட்டத்தின் வாக்காளர் தொகை 2024இல் 6 இலட்சத்தைத் தாண்டிவிட்டது; அதில் பாதிக்கு மேல் நுவரெலியா – மஸ்கெலியா என்ற ஒரே தொகுதியில். நாட்டிலேயே பெரிய தொகுதி. நாளைக்குப் பழைய முறை திரும்பி வந்து, இதற்கு ஒரே ஓர் ஆள் என்றால், வலப்பனைக்காரரின் வாக்குக்கு இருக்கும் கனம் நோர்வூட்காரரின் வாக்குக்கு இருக்காது. துண்டு துண்டாக வெட்டினால், கோடு எந்தத் தோட்டத்துக்குள்ளால் போகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. தொகுதி முறை வேண்டுமென்றால் 1977 மாதிரிப் பல அங்கத்தவர் தொகுதியாகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இதற்குப் பெயர் வைத்து இன்னும் பதிவு செய்யவில்லை.

கேள்வி: மாகாண சபைத் தேர்தல் எப்போது? – வாசகர், வட்டவளை

எனக்குச் சாதகம் பார்க்கத் தெரியாது. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக வாக்குப் போட்டது 2013 செப்டெம்பரில். 58 உறுப்பினர்கள். அவர்களின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் சட்டத்தைத் திருத்தி, புதுத் தொகுதி எல்லை வேண்டும் என்றார்கள். எல்லை அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை, ஆளுநர் இருக்கிறார்.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பாதையைப் போடப் பிரதேச சபைக்குச் சட்டமே இடம் கொடுக்கவில்லை என்று ஒரு உறுப்பினர் பல வருடம் சொல்லி வந்தார். உண்மையா? – வாசகி, மஸ்கெலியா

பல வருடத்துக்கு உண்மை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. தோட்டம் கம்பனியின் இடம், சபையின் காசு அங்கே போகக் கூடாது. வாக்குக் கேட்க மட்டும் லயத்துக்கு வரலாம். அந்தப் பிரிவை 2018இல் திருத்தினார்கள். அதே வருடம் உள்ளூராட்சித் தேர்தலோடு, ஆளுக்கு இரண்டு இலட்சம் சனத்துக்கு மேல் சுமந்துகொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ சபைகளும் மும்மூன்றாகப் பிரிந்தன. மஸ்கெலியாவுக்குத் தனிச் சபை வந்தது அப்போதுதான். ஆகவே 2018க்குப் பிறகும் உங்கள் உறுப்பினர் அதே பாட்டைப் பாடினால், சட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மலையகத்துப் பெண் ஒருவர் எப்போதாவது பாராளுமன்றம் போனாரா? – வாசகி, இராகலை

2024 நவம்பரில். நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல். கொழுந்துக்கூடையில் பெரும்பங்கு சுமந்தவர்களுக்கு, 1931இலிருந்து எண்ணினால், 93 வருடம்.

கேள்வி: சேர், நீங்கள் எந்தக் கட்சி? – பெயர் வேண்டாம், ஹட்டன்

உங்கள் பெயரைச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன்.

கேள்வி: மகள் கொழும்பில் ஒரு தையல் கடையில் வேலை. வாடகை அறை. பெயர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்கிறாள். என்ன செய்வது? – ஒரு தாய், நோர்வூட்

இந்த மாதம் வந்த கடிதங்களில் அவசரமானது இதுதான் அம்மா. ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பதிவு. கொழும்பில் அறை வாடகைக்குக் கொடுப்பவர்கள் பலர், வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுப்பதில்லை. வரி, தொந்தரவு வரும் என்று பயம். இங்கே தோட்டத்திலோ, 'அவள் கொழும்பில் இருக்கிறாளே' என்று விட்டுவிடுவார்கள். நடுவில் பிள்ளை காணாமல் போகிறாள்.

வருடாவருடம் கிராம சேவகர் படிவத்தோடு வரும்போது, மகள் உங்கள் வீட்டு ஆள்தான், வேலைக்காகப் போயிருக்கிறாள் என்று நீங்களே கேட்டு எழுத வையுங்கள். அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள். பிறகு இடாப்பைக் கிராம சேவகர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்வைக்கு வைப்பார்கள். அப்போது போய் விரலை வைத்துப் பெயரைத் தேடுங்கள். இருந்தால், அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மகளின் பெயரில் 'தேவி' என்றோ 'மலர்' என்றோ வால் ஏதாவது இருந்தால், அது இரண்டிலும் இருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள்.